தாமிரச் சொம்பில் வந்த ஹைட்ரா

1

போன வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றினோம். பதினைந்து வருடக் குப்பை. மாணவர்கள் இரண்டு பேரும் நானும் பெட்டி பெட்டியாகச் சுமந்தோம். பேராசிரியர் வாசலில் நின்றுகொண்டு "கவனம், கவனம்" என்று சொல்லும் வேலையைப் பார்த்துக்கொண்டார். அதுவும் ஒரு வேலைதானே.

எங்கள் ஆய்வுக்கூடம் என்று உரிமையோடு எழுதுகிறேன். சம்பளப் பட்டியலில் நான் வெறும் உதவியாளர். காலையில் போய் ஹைட்ராக்களுக்குத் தீனி போடுவேன், தண்ணீர் மாற்றுவேன், கிண்ணம் கழுவுவேன், எண்ணுவேன். பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படித்தவர்களுக்கு ஹைட்ரா ஞாபகம் இருக்கலாம். படம் வரைந்து பாகம் குறித்திருப்பீர்கள். மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: குளத்துப் பாசியின் அடியில் தொங்கிக்கொண்டிருக்கிற நூல் துண்டு. சுண்டுவிரல் நகத்தின் நீளம் இருந்தாலே அதிகம். மேலே ஒரு வாய், வாயைச் சுற்றி மயிரிழை மாதிரி ஆறேழு கைகள், கீழே ஒட்டிக்கொள்ள ஒரு கால். மூளை கிடையாது, இதயம் கிடையாது. இரண்டாக வெட்டிப் போட்டால் இரண்டும் முழுசாக வளர்ந்துவிடும்.

பழைய அலமாரியின் கடைசித் தட்டில், உடைந்த குழாய்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கிண்ணம் கிடைத்தது. மூடியில் பழுத்துப்போன ஒட்டுத்தாள். பேராசிரியரின் சாய்ந்த கையெழுத்தில் "மத்தூர்" என்று ஆங்கில எழுத்தில். கிண்ணம் காலி. அதில் ஒரு நாளும் ஒரு உயிர் இருந்ததில்லை.

"ஃப்ரௌ சின்னப்பன், இதை எறிந்துவிடலாமா?" என்று மாணவன் கேட்டான்.

"கையை எடு" என்றேன். பையன் பயந்துபோனான். கிண்ணத்தைச் சால்வையில் சுற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுதான். இப்போது என் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. நான்கு நாளாக அதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கிறேன். குடிக்கிற காப்பி இறங்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

சின்னப்பன் என் அப்பாவின் பெயர். என் பெயர் சகாயமேரி. எழுபத்திரண்டில் கன்னியாஸ்திரிகள் மூலமாக நர்ஸ் பயிற்சிக்கு இங்கே ஜெர்மனிக்கு வந்தபோது, படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை எழுதினேன். அன்றிலிருந்து, ஆஸ்பத்திரியிலும் பிறகு ஆய்வுக்கூடத்திலும், நான் ஃப்ரௌ சின்னப்பன், அதாவது திருமதி சின்னப்பன். கல்யாணமாகியும் மாற்றவில்லை. பிறகு கல்யாணமே இல்லாமல் போனதால் மாற்றாததும் நல்லதாகப் போயிற்று. என் மகளின் அப்பா ஜெர்மானியர். இரண்டு தெரு தள்ளி வேறொரு அம்மாவோடு இருக்கிறார். சூடுநீர்க் கொதிகலன் மக்கர் செய்தால் இன்றும் ஸ்பேனரோடு வந்து நிற்பார். கெட்ட மனிதர் இல்லை. பேச்சுதான் தீர்ந்துபோயிற்று.

வந்த புதிதில் மரியாதைச் சொல் எங்கே, ஒருமை எங்கே என்று பிடிபடாமல், மாமியார் வீட்டு நாயைக்கூட "நீங்கள் உட்காருங்கள்" என்று ஜெர்மனில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீடே சிரித்தது. நாய் மட்டும் உட்கார்ந்தது.

அப்பா எண்பத்தேழில் இறந்தார். அப்போது என் கடவுச்சீட்டு அயல்நாட்டவர் அலுவலகத்தில் கிடந்தது. தங்கும் அனுமதி புதுப்பிக்க மூன்று வாரம் ஆகும், நடுவில் தரமுடியாது. சாவு என்றேன். அந்த அம்மாள் வருத்தமாகத்தான் பார்த்தாள். இறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை என்று ஒரு தாளில் எழுதித் தந்தாள். அடக்கத்தன்று நான் அந்த அலுவலகத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து "சின்னப்பன்!" என்று கூப்பிட்டார்கள். ஐயோ, அந்தக் கூப்பாட்டை எப்படிச் சொல்வேன். அங்கே எங்கள் ஊர் மத்தூரில் மண் தள்ளிக்கொண்டிருக்கும் நேரம். இங்கே அப்பா பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து "இருக்கிறேன்" என்று போய் நிற்கிறேன்.

அடக்கத்தைத் தனியாகச் செய்தவன் என் தம்பி அந்தோணி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் டூல் ரூம் ஃபிட்டர். எனக்கு ஆறு வயது இளையவன். "நீ ஏன் வரல" என்று ஒரு வார்த்தை அவன் கேட்டதில்லை.

3

எங்கள் ஆய்வு என்ன என்று ஊரில் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. மூளையில்லாத இந்தப் பூச்சிக்கு எங்கே தலை முளைக்க வேண்டும், எப்போது சுருங்க வேண்டும், எப்போது குட்டி பிரிந்து போக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? உடம்பு முழுக்க வலை மாதிரி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பக்கத்து அணுவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு துளி சரக்கை வெளியே விடுகிறது. பெப்டைடு என்று பெயர். சில மணிகளை மட்டும் கோத்த சின்னச் சரம். வாங்கிக்கொள்ளும் அணுவில் அதற்கேற்ற கொக்கி இருந்தால் சேதி சேரும். இல்லையென்றால் தண்ணீரோடு போய்விடும்.

அந்தச் சரத்தைக் கண்டுபிடிக்க ஆயிரம் ஆயிரமாக ஹைட்ரா வேண்டும். வளர்ப்பது நான். உப்பு நீரில் முட்டை பொரிந்து வந்த இறால் குஞ்சுகளைக் கழுவி ஊட்டுவது நான். போதுமான அளவு சேர்ந்ததும் உறைய வைத்து அரைப்பதும் நான்தான். அரைத்த சாற்றைப் பிரித்து நூற்றுக்கணக்கான சின்னக் குழாய்களில் பிடிப்பார்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து, உயிரோடிருக்கும் ஹைட்ரா மேல் விட்டு, லென்ஸில் கண்ணை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். சுருங்கியதா, நீண்டதா, மொட்டு கழன்றதா? முக்கால்வாசி நேரம் ஒன்றும் நடக்காது. "விளைவில்லை" என்று குறிக்க வேண்டும். பதினைந்து வருடத்தில் நான் அதிகம் எழுதிய ஜெர்மன் சொல் அதுதான்.

மொட்டு என்றது குட்டியை. ஹைட்ராவின் இடுப்பில் மொட்டு விட்டு, அதற்கே வாயும் கையும் வந்து, ஒரு நாள் கழன்று போய்விடும். கழலச் சொல்கிற பெப்டைடு ஒன்று உண்டு. ஒரு சொட்டு விட்டால் முதிர்ந்த மொட்டு தாயை விட்டுப் போய்விடும். என் மகள் மோனிகா பத்தொன்பது வயதில் வேறு நகரத்தில் படிக்கப் போனபோது பேராசிரியர் இதைச் சொல்லி என்னைத் தேற்றப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. ஹைட்ராக் குட்டி தாயின் தலைமுடி உலர்த்தியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை என்றேன்.

மோனிகாவுக்குத் தெரிந்த தமிழ் எட்டு வார்த்தை. "போதும்", "சூடு", "வேணாம்" எல்லாம் சுத்தமாக வரும். அவள் போன பிறகு வீட்டில் தமிழ் பேச ஆளில்லை. குக்கரோடு பேசுவேன். சில சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஹைட்ராக்களிடம் "என்னடா, பசிக்குதா?" என்பேன். பைத்தியம் என்று நினைக்காதீர்கள். நினைத்தாலும் பரவாயில்லை.

இன்னொரு விஷயமும் இங்கே சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். ஹைட்ராவுக்குத் தாமிரம் ஆகாது. விஷம். தாமிரக் குழாய் வழியாக வந்த தண்ணீர்கூட ஆகாது. கைகள் குட்டையாகி, உருண்டு, ஓரிரு நாளில் கரைந்துபோகும். அதனால் எங்கள் குழாய்க்கு மேலே ஒரு அட்டை மாட்டியிருக்கிறோம்: "இந்தத் தண்ணீரை எடுக்காதே. குழாய் தாமிரம்." அந்த அட்டையை எழுதியது நான். என் கையெழுத்து.

4

எங்கள் ஹைட்ராக்கள் பல ஊர்க்காரர்கள். எந்தக் குளத்தில் பிடித்தார்களோ அந்த ஊர்ப் பெயரைக் கிண்ணத்தில் ஒட்டுவார்கள். சுவிஸ் ஏரி ஒன்று, ஜப்பான் குளம் ஒன்று, அமெரிக்காவில் ஏதோ ஓடை. வருடக்கணக்காக ஊர் ஊராகச் சோறு போட்டேன். அப்பாவின் வருஷப் பூசைக்கு லீவு கேட்டபோது பேராசிரியர் சொன்னார்: "உங்கள் ஊர்க் குளத்தில் இருக்குமா? வெயில் நாட்டு ஹைட்ராவின் பெப்டைடு வேறு மாதிரி இருக்கலாம். உயிரோடு கொண்டுவாருங்கள். உங்கள் ஊர்ப் பெயரை வைத்துவிடுவோம்." அப்போதே ஒரு கிண்ணத்தை எடுத்து, ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதி ஒட்டினார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை போகிற பஸ் நிற்கும் ஒரு சந்தை ஊர். அந்தப் பெயரைப் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்கள் கட்டுரையில் எழுதப்போகிறார்கள். இத்தனை வருடத்தில் என் ஊரை இங்கே யாரும் ஒரு தரம்கூடத் திருத்தமாகச் சொன்னதில்லை.

பூசை முடிந்த மறுநாள் அந்தோணியும் நானும் மத்தூர் ஏரியில் இறங்கினோம். டிசம்பர் மாதம், தண்ணீர் குளிர்ந்திருந்தது. பாசியை அள்ளி ஊறுகாய் பாட்டிலில் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். அந்தோணிக்கு முழங்கால் வரை சேறு.

"இதுக்காக்கா ஜெர்மனியில சம்பளம் தர்றாங்க?"

"வாயை மூடிக்கிட்டுத் தேடு."

பதினோராவது பாட்டிலில் அவன்தான் முதலில் பார்த்தான். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கைகளை விரித்து ஒன்று. இடுப்பில் மொட்டு. அவனுக்கு ஒரே சந்தோஷம். மூளை கிடையாது என்று சொன்னதும் கேட்டான்: "அப்ப யாருதான் சொல்றது, இப்பிடி மடங்கு, அப்பிடி நீளுன்னு?"

"மேலேருந்து யாரும் சொல்றதில்லடா. பக்கத்துல இருக்கறது பக்கத்துல இருக்கறதுக்குச் சொல்லும்."

"எங்க ஷாப்பு மாதிரிதான். சூப்பர்வைசர் லீவு போட்டாத்தான் வேல ஒழுங்கா நடக்கும்."

நன்றாகச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு விட்டிருக்கலாம். எனக்கு ஒரு புத்தி உண்டு. ஊருக்குப் போனால் எது கண்ணில் பட்டாலும் திருத்த வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, குழந்தைக்கு அந்த மருந்தை ஏன் கொடுத்தாய், பூசைக்கு ஏன் இத்தனை பேரைக் கூப்பிட்டாய், கல்லறையில் அப்பா பெயரை ஏன் இவ்வளவு சின்னதாக வெட்டினாய். அந்தக் கடைசிக் கேள்விக்கு அவன் தாங்கமாட்டாமல் திரும்பினான்.

"நீ வர்றதே குத்தம் கண்டுபுடிக்கத்தான்க்கா. பொணத்தத் தூக்கறப்ப நான் தனியா இருந்தன். அப்ப யாரு வந்து சரியா செய், தப்பா செய்னு சொன்னாங்க?"

அதன் பிறகு மூன்று நாள் அளவாகப் பேசிக்கொண்டோம். இருபத்து மூன்று ஹைட்ராக்களை ஊறுகாய் பாட்டிலில் வைத்து, ஓசூரில் அவன் வீட்டு ஜன்னலில் நிழலாக வைத்தேன். இனி எதற்கும் குறை சொல்லமாட்டேன் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டேன்.

5

கிளம்புகிற அன்று காலை அவன் என்னை ஓசூர் பஸ் நிலையத்துக்குக் கூட்டிவந்தான். பெங்களூர் போய் அங்கிருந்து விமானம். ஷிப்டுக்கு அரை நாள் பெர்மிஷன் போட்டிருந்தான். பெங்களூர் பஸ் நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் கன்னடத்தில் "ஹத்ரி, ஹத்ரி, பேக ஹத்ரி" என்று எல்லாரையும் ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போது அந்தோணி, ஹைட்ரா பாட்டில் என்று நான் நினைத்திருந்த துண்டு மூட்டையைப் பிரித்தான்.

புதுத் தாமிரச் சொம்பு. வாயில் ஒரு வளையம் பற்றவைத்து, உள்ளே மரை வெட்டி, அதற்கு லேத்தில் கடைந்த ஒரு மூடி. மூடிக்கடியில் ரப்பர் வாஷர். காற்றுக்கு ஊசித்துளை, அதற்கும் ஒரு குட்டித் திருகு. மூன்று நாளாக மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்திருக்கிறான். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"கண்ணாடி ஒடஞ்சிரும்க்கா. பிளாஸ்டிக்குல நாத்தம் புடிக்கும். தாமிரத்துலதான் தண்ணி உயிரோட இருக்கும்னு அப்பா எப்பவும் சொல்லுவாரு இல்ல? காலைல எல்லாத்தையும் இதுல மாத்திட்டன். தல கீழா கவுத்தாலும் ஒரு சொட்டு லீக் ஆவாது, பாரு."

கவிழ்த்துக் காட்டினான். ஒரு சொட்டு சிந்தவில்லை.

நான் மூடியைத் திருகித் திறந்தேன். உள்ளே செக்கச் செவேலென்று இருந்தது.

"உள்ள ஈயம் பூசியிருக்காடா?" என்று கேட்டேன்.

"ஈயமா? சுத்தத் தாமிரம்க்கா. கலப்படமே இல்ல."

பத்தடி தூரத்தில் சோடாக் கடை. காலி பாட்டில்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். அடுத்த பஸ் கால் மணி நேரத்தில். ஐந்து நிமிடம் போதும். "டேய், இது ஆகாதுடா, மாத்து" என்று ஒரு வாக்கியம். அவன் முகத்தைப் பார்த்தேன், விரலைப் பார்த்தேன். மூன்று நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் முகம் தெளிந்திருந்தது.

"ரொம்ப நல்லா பண்ணியிருக்கடா" என்று சொல்லி மூடியைத் திருகினேன். பஸ் ஏறினேன். இரண்டு நாள்தானே, ஒன்றிரண்டாவது தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தாங்காது என்று எனக்குத் தெரியும். அட்டை எழுதியவள் நான்.

சொம்பை மாற்றுகிற இடம் வழியில் இல்லாமலா போயிற்று? பெங்களூரில் இருந்தது, பம்பாயில் ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அதை வேறு பாத்திரத்தில் ஊற்றினால் அவன் வேலையைக் குப்பையில் போட்ட மாதிரி எனக்குத் தோன்றியது. இப்படி ஒரு முட்டாள் கணக்கை வேறு யாராவது போட்டிருப்பார்களா தெரியாது.

6

பேராசிரியர் கொடுத்த அனுமதிக் கடிதத்தைச் சுங்க அதிகாரி படிக்கக்கூட இல்லை. சொம்பைத் திறந்தார், தண்ணீரைப் பார்த்தார், "கங்கையா?" என்று கேட்டுவிட்டுப் போகச் சொன்னார். மத்தூர் ஏரி என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். ஊர்ப் பெயர் ஒட்டிய கிண்ணம் தயாராக இருந்தது. ஊற்றினேன். இருபத்து மூன்றில் ஒன்றுகூட இல்லை. அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூசு மாதிரி. பேராசிரியர் சொம்பைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

"ஃப்ரௌ சின்னப்பன், இது தாமிரம் அல்லவா?"

"என் தம்பி எனக்குத் தெரியாமல் மாற்றிவிட்டான்" என்றேன். யோசிக்கவே இல்லை, தானாக வந்தது. "அவனுக்கு ஒன்றும் தெரியாது."

சொன்ன பொய்க்குக் காவல் போட வேண்டும் அல்லவா? அன்றே தம்பிக்குக் கடிதம் எழுதினேன். "எல்லாம் செத்துப்போயிற்று. என்னைக் கேட்காமல் ஏன் தாமிரத்தில் ஊற்றினாய்? எனக்குத் தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா?" இதை எழுதிய கை இதுதான். அவன் முன்னாலேயே மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, ஈயம் பூசியிருக்கிறதா என்று கேட்டுவிட்டு, பிறகு எழுதினேன்.

ஒரு மாதம் கழித்து பதில் வந்தது. இரண்டு வரி. "தப்பு என்னோடதுதான் அக்கா. இனிமே கேட்டுச் செய்றன்."

அவன் ஞாபகப்படுத்தியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். ஞாபகப்படுத்தவில்லை. அதன் பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு அட்டை, அவ்வளவுதான். ஆறு வருடம் ஆகிவிட்டது. நானும் ஊருக்குப் போகவில்லை. லீவு கிடைக்கவில்லை, மோனிகா படிப்பு, டிக்கெட் விலை என்று என்னென்னவோ எழுதினேன். அவன் முகத்தைப் பார்க்கப் பயம். உண்மை அதுதான்.

நடுவில் ஒரு முறை தம்பி மனைவி பிலோமினா எழுதினாள். "அண்ணி, இவரு ஜன்னலு முழுக்க ஊறுகாய் பாட்டிலா வெச்சி உங்க புழுவ வளக்கிறாரு. மாசத்துல ரெண்டு ஞாயித்துக்கெழம மத்தூரு ஏரிக்கிப் போயி அதுக்குத் தீனி புடிச்சிட்டு வர்றாரு. கம்பெனியில எல்லாம் சிரிக்கிறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க." அவன் அதைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட எழுதியதில்லை. நானும் கேட்டதில்லை.

7

இதுவரை எழுதி வைத்திருந்தபோது, சனிக்கிழமை மோனிகா வந்தாள், அழுக்குத் துணி மூட்டையோடு. ஜன்னலில் இருந்த காலிக் கிண்ணத்தைப் பார்த்து என்ன இது என்றாள். சொன்னேன். முதல் முறையாக ஒருத்தரிடம் முழுக்கச் சொன்னேன், ஜெர்மன் மொழியில். தமிழில் சொல்லியிருந்தால் பாதியிலேயே அழுதிருப்பேன்.

அவள் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "என்னிடம் எல்லாத் தப்பையும் அந்தந்த நிமிடமே சொல்லிவிடுவாய். சட்டை சரியில்லை, முடி சரியில்லை, கூடச் சுற்றின பையன் சரியில்லை. மாமாவிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை?"

"அவன் மனசு நோகும் என்றுதான்."

"ஓஹோ, எனக்கு மனசு இல்லையா?" என்றாள். பிறகு சிரித்தாள். தொலைபேசியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டு, துணி துவைக்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அழைத்தேன். ஓசூரில் அவர்கள் வீட்டுக்காரர் கீழே இருக்கிறார், அங்கேதான் போன். வீட்டுக்கார அம்மாள் தெலுங்கில் மாடியைப் பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது. தடதடவென்று இறங்கி வந்தான்.

"இன்னாக்கா? யாருக்கு இன்னா ஆச்சி?"

போன் வந்தாலே சாவு என்று நினைக்கிற வீடு எங்களுடையது.

"ஒண்ணும் இல்லடா. ஒரு விஷயம் சொல்லணும். அந்தச் சொம்பு." ஜன்னலில் இருந்த கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டேன். "அது ஆகாதுன்னு பஸ் ஸ்டாண்டுலயே எனக்குத் தெரியும்டா. தெரிஞ்சேதான் எடுத்துக்கிட்டுப் போனேன். உன் மேல பழியப் போட்டு எழுதினேன்."

அந்தப் பக்கம் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார்கள்.

"தெரியும்க்கா" என்றான். "ஈயம் பூசியிருக்கான்னு கேட்ட இல்ல, அப்பவே ஏதோ சரியில்லன்னு தெரிஞ்சிது. உன் மூஞ்சே சொல்லிச்சி."

"அப்ப ஏன்டா கேக்கல? பஸ்ஸ நிறுத்தி கேட்டிருக்கலாம் இல்ல?"

"நீ ஒரு குத்தமும் சொல்லாம ஊருக்குப் போனது அந்த ஒரு தடவதான்க்கா. அதக் கெடுத்துக்க வேணாம்னு பாத்தன்."

நான் அழுதேன். அவன் அழவிட்டான். பிறகு, வீட்டுக்காரர் காதில் விழாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "யக்கா, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தன். பாட்டிலுங்க இப்ப ஏழு ஆயிருச்சி. எதுத்த ஊட்ட இடிச்சிட்டாங்க, அதனால மத்தியானத்துல ஜன்னலு வரைக்கும் வெயிலு வருது. ரெண்டு பாட்டில்ல சுருங்கிக் கெடக்குது. அங்கியே வெக்கலாமா, நவுத்தணுமா?"

நேர் வெயில் ஆகாது. தண்ணீர் சூடேறினால் ஒரு மதியத்தில் எல்லாம் போய்விடும். "உனக்கு எது சரின்னு படுதோ அப்படியே வைடா" என்று சொல்ல வாய்வரை வந்தது. பஸ் நிலையத்தில் "ரொம்ப நல்லா பண்ணியிருக்கடா" என்றதும் இந்த மாதிரி வார்த்தைதான்.

"தப்புடா" என்றேன். "வெயில்ல வெச்சது தப்பு. இப்பவே போயி எல்லாத்தையும் நவுத்து. பாதித் தண்ணிய மாத்து. குழாய்த் தண்ணி வேணாம், ஏரித் தண்ணி இருந்தா ஊத்து."

"இருக்குது, இருக்குது. ஒரு கேன் புடிச்சி வெச்சிருக்கறன். இரு யக்கா, போன வெச்சிராத, வந்துட்டன்."

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு அவன் மாடிப்படி ஏறி ஓடுவது கேட்டது. மேலே பிலோமினாவை அதட்டினான், பாட்டில்கள் ஒன்றோடொன்று இடித்தன. நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று மோனிகா சைகையில் கேட்டாள். நான் கையை ஆட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே நின்றேன்.